நாவல் எழுதும் அம்மாக்கள் கேட்டவை

மூன்று நாவல்கள் எழுதியிருக்கிறேன், நான்காவது பாதியில் நிற்கிறது. மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். எழுத்தையும் பிள்ளையையும் எப்படிச் சேர்த்துப் பார்த்துக்கொள்வது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

சேலம் வாசகி: எழுத நேரம் எப்படிக் கிடைக்கிறது?

காலை 4:30 முதல் 6:30 வரை. இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்த அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசனும் பதிப்பக வேலைக்குப் போய்க்கொண்டே விடியுமுன் எழுதியவர்தான். பதின்வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இது இன்னும் சுலபம். அந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. அதனால் சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் எழவும் முடியாது. அவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. சோம்பேறி என்று திட்டி எழுப்பாதீர்கள். விடுமுறை நாளில் தூங்க விடுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் எழுதலாம்.

ஆனால் இரவு பத்தரைக்கு மேல் நான் எழுதுவதில்லை. பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, "அம்மா, இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று அவள் ஆரம்பிப்பது அப்போதுதான். பகலில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். குறையும் தூக்கத்தை மதியம் ஒரு மணி நேரம் படுத்துச் சரிக்கட்டுகிறேன்.

மதுரை வாசகி: பள்ளியில் என் மகளுக்கு நடந்த ஒரு சம்பவம் என் நாவலுக்கு அப்படியே பொருந்துகிறது. எழுதலாமா?

அவளைக் கேட்டீர்களா? கேட்காமல் எழுதாதீர்கள். நான் செய்த தப்பு இது. மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவளும் நெருங்கிய தோழியும் பிரிந்ததைச் சிறுகதையாக எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். தோழி திருப்பிக் கொடுத்த பச்சைப் பென்சில் டப்பாவை மட்டும் மாற்றவில்லை. கதையின் உயிரே அதில்தான் இருந்தது. பத்திரிகையில் வந்ததைத் தோழியின் அம்மா படித்துவிட்டார். மறுநாள் வகுப்பு முழுக்கத் தெரிந்துபோனது. மகள் என்னிடம் சண்டை போடவில்லை. இரவில் அடுக்களைக்கு வருவதை நிறுத்திவிட்டாள், இரண்டு மாதம். அந்தக் கதையை நான் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை.

ஈரோடு வாசகி: வேலைக்குப் போகிறேன். எழுத நேரம்?

சேலத்துக்குச் சொன்னதுதான். இரண்டு மணி நேரம் முடியாவிட்டால் அரை மணி.

திருநெல்வேலி வாசகர்: எழுத்தாளருக்குத் தன் வாழ்க்கைதானே மூலப்பொருள்? பிள்ளையிடம் அனுமதி கேட்பது சுயதணிக்கை ஆகாதா?

உங்கள் வாழ்க்கையைத் தாராளமாக எழுதுங்கள். அவளுடைய வாழ்க்கை உங்கள் வீட்டுக்குள் நடக்கிறது என்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. கணவரை எழுதினால் அவர் எதிர்த்துக் கேட்பார். மாமியாரை எழுதினால் அவர் தன் நியாயத்தை நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார். 13 வயதுப் பிள்ளை மறுநாளும் அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும்.

திருநெல்வேலி மீண்டும்: அப்படிப் பார்த்தால் தாய்மை பற்றி நாவலே வராது.

வரும். மகள் கதவைச் சாத்திய பிறகு வெளியே நின்ற அம்மாவுக்கு என்னவெல்லாம் தோன்றியது என்று எழுதலாமே. என் மூன்றாவது நாவலில் வரும் அம்மா முழுக்க என் பயங்கள்தான். மகளுக்கு நடந்த சம்பவம் ஒன்றுகூட அதில் இல்லை, நாவல் அதனால் மெலிந்துவிடவும் இல்லை.

விழுப்புரம் வாசகி: நானும் திருநெல்வேலி கட்சிதான். பத்து வருடம் கழித்தாவது எழுதலாமா?

அப்போதும் கேளுங்கள். 16 வயதில் மறுத்தவள் 26 வயதில் சரி என்று சொல்லக்கூடும்.

சென்னை வாசகி: புத்தகக் காட்சிக்குள் நாவலை முடிக்கவேண்டும். மகன் பிளஸ் டூ.

ஜனவரியில் காட்சி என்றால் மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் பிரதி, டிசம்பரில் கைக்கு வரும். அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில்தான். கைப்பிரதியைச் செப்டம்பருக்குள் கொடுத்துவிடுங்கள். முடியவில்லையா, அடுத்த ஜனவரிக்குத் தள்ளிவையுங்கள். பதிப்பாளர் காத்திருப்பார்.

கும்பகோணம் வாசகி: வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதலாமா?

வேண்டாம். 300 ரூபாய்ப் புத்தகம், 10 சதவீத ராயல்டி, 500 பிரதி விற்றால் 15,000 ரூபாய். டியூஷன் பீஸுக்கே காணாது.

நாகர்கோவில் வாசகி: மகன் மூன்று வாரமாக அறையை விட்டு வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதுமில்லை. நான் எழுதுவதால்தான் இப்படி என்கிறார் மாமியார்.

எழுத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். இது நான் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416 என்ற எண்ணை இன்றைக்கே கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

வேலூர் வாசகி: உங்களுக்கு எழுத நேரம் எப்படி...

மூன்றாவது முறையாக இதே கேள்வி. தயவுசெய்து மேலே படியுங்கள்.

மதுரை மீண்டும்: மகளைக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். எத்தனை நாள் காத்திருப்பது?

அவளாக வந்து சொல்லும் வரை. நடுவில் நினைவுபடுத்தாதீர்கள். அதுவரை வேறு அத்தியாயம் எழுதுங்கள்.