பாலியல் பாடத்தில் பிழை வந்தால் யார் திருத்துவது?

கேள்வி: பாலியல் கல்வி மருத்துவரீதியில் துல்லியமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க மாநிலங்கள் சில சட்டம் இயற்றியிருப்பதாகப் படித்தேன். பாடநூலில் இருப்பது எப்படியும் சரியாகத்தானே இருக்கும்? அதற்கொரு சட்டம் எதற்கு?
– அறிவியல் ஆசிரியை ஒருவர், தேனி

பதில்: அப்படி நம்ப முடியாது என்பதை 2004-லேயே அங்கு கண்டுகொண்டார்கள். திருமணம்வரை உடலுறவைத் தவிர்க்கச் சொல்வதை மட்டுமே கற்பிக்கும் திட்டங்களுக்கு அமெரிக்க அரசு நிதி வழங்கிவந்தது. பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மனுக்காக அந்த ஆண்டு டிசம்பரில் தயாரிக்கப்பட்ட அறிக்கை, அத்திட்டங்களில் பெரிதும் பயன்பட்ட 13 பாடத்திட்டங்களை ஆராய்ந்து, அவற்றுள் 11-இல் பொய்யான அல்லது திரிக்கப்பட்ட தகவல்கள் இருப்பதைக் காட்டியது.

கண்ணீராலும் வியர்வையாலும் எச்.ஐ.வி. பரவக்கூடும் என்றது ஒரு பாடம். தாயிடமிருந்து 24, தந்தையிடமிருந்து 24 குரோமோசோம்கள் இணைந்து சிசு உருவாகிறது என்றது இன்னொன்று. உங்கள் மாணவர்களே அதை 23 என்று திருத்திவிடுவார்கள். இவ்வகைப் பிழைகளைவிட என்னைக் கவலைகொள்ள வைப்பது, ஆய்வில் வந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குரிய நிபந்தனையை நீக்கிவிடும் தந்திரம்தான். ஆணுறையை ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தும் 100 தம்பதியரில் ஓராண்டில் ஏறத்தாழ 2 பெண்கள் கருவுறுகிறார்கள். மறந்துவிடுவது, தவறாக அணிவது ஆகியவற்றையும் சேர்த்து நடைமுறைப் பயன்பாட்டைக் கணக்கிட்டால் அது 13 வரை உயர்கிறது. இந்த இரண்டாம் வகைக் கணக்கை எடுத்து, மிகக் கவனமாகப் பயன்படுத்துவோருக்கே அந்நிலைதான் என்று ஒரு பாடம் எழுதியது. அதைப் படிக்கும் மாணவர், அணிந்தும் பயனில்லை என்ற முடிவுக்கு வந்து, பின்னாளில் அணியாமலேயே இருந்துவிடக்கூடும்.

உடலுறவைத் தள்ளிப்போடும்படி பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த அறிவுரைக்குப் பொய்க் கணக்கைத் துணைக்கு அழைப்பதில்தான் ஆட்சேபம். பொய்க் கணக்கு ஒருபுறம் இருக்க, இத்தகைய திட்டங்கள் நான்கை மதிப்பிட்டு 2007-இல் வெளியான அரசு ஆய்வில், அவற்றில் பயின்றவர்களும் பயிலாதவர்களும் முதன்முதலில் உடலுறவு கொண்ட சராசரி வயதில் வேறுபாடு காணப்படவில்லை.

2016 முதல் நடைமுறையில் உள்ள கலிஃபோர்னியச் சட்டம், துல்லியம் என்பதை ஆசிரியரின் நம்பிக்கைக்கு விடாமல், அறிவியல் முறைப்படி நடந்த ஆய்வுகளால் உறுதிசெய்யப்பட்டு, துறைசார் மருத்துவ அமைப்புகள் ஏற்றுக்கொண்ட தகவல் என்று வரையறுக்கிறது. பாடப்பொருளைப் பார்வையிடவும், விரும்பாவிட்டால் பிள்ளையை அவ்வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளவும் பெற்றோருக்கு அச்சட்டத்தில் உரிமை உண்டு. கற்பிக்கும் தகவலை மாற்றச் சொல்லும் உரிமை மட்டும் இல்லை.