டிஸ்க்கை உள்ளே தள்ள எந்த மெஷினும் கிடையாது

கேள்வி: வயது 41. ஈரோட்டில் ஜவுளி குடோனில் வேலை. சர்க்கரை உண்டு. ஐந்து வாரத்துக்கு முன் பேல் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது இடது காலில் கட்டைவிரல் வரை வலி இழுக்கிறது. கீழ் முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ.யில் வந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். ஒரு சென்டரில் 20 சிட்டிங்கில் மெஷின் வைத்து டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடலாம், 45,000 ரூபாய் என்கிறார்கள். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

பதில்: சரியாகும் வாய்ப்புதான் அதிகம். இப்படிக் கால் வலியோடு வரும் டிஸ்க் பிதுக்கத்தில் பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் வலி வெகுவாகக் குறைந்துவிடும். நீங்கள் இருப்பது ஐந்தாவது வாரத்தில். 20 சிட்டிங் முடிய ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அதற்குள் உடம்பு தானாகச் செய்து முடிக்கும் வேலைக்கு மெஷின் பேர் வாங்கிக்கொள்ளும்.

அந்த மெஷின் செய்வது ட்ராக்‌ஷன், அதாவது இடுப்பில் பெல்ட் கட்டி இழுப்பது. இழுக்கும்போது சிலருக்குச் சுகமாக இருப்பது உண்மை. கட்டிலை விட்டு இறங்கி வண்டியை எடுத்தால் பழைய வலிதான். ட்ராக்‌ஷன் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லிக்கொள்ளும்படியான பலன் எதையும் காணவில்லை. அதே இழுவைக்கு ‘டீகம்ப்ரஷன்’ என்று பேர் வைத்து, பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் திரையை மாட்டியதும் ரேட் ஏறிவிட்டது.

உள்ளே நடப்பது வேறு. பிதுங்கி வந்த பகுதியை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்து அரித்து எடுக்கிறது. அது நீர் வற்றிச் சுருங்கவும் செய்கிறது. பெரிதாகப் பிதுங்கியதும் துண்டாகக் கழன்றதும்தான் அதிகம் கரைகின்றன. எனவே ரிப்போர்ட்டில் ‘லார்ஜ்’ என்று இருப்பதைக் காட்டிப் பயமுறுத்தினால் மிரளாதீர்கள். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வந்த ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது.

அந்த டாக்டரிடம் ‘ஏன் இப்போதே?’ என்று கேளுங்கள். காலில் பலம் குறைந்திருப்பதைப் பரிசோதித்துச் சொல்லியிருந்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஸ்கேனை மட்டும் பார்த்துச் சொல்லியிருந்தால் இன்னொருவரிடம் போங்கள். 2007-ல் நெதர்லாந்தில் வந்த ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருடத்தில் காத்திருந்தவர்களும் அதே நிலைக்கு வந்துவிட்டார்கள். காத்திருந்தவர்களில் பத்தில் நான்கு பேர் கடைசியில் ஆபரேஷனுக்குத்தான் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: ஓரிரு நாளுக்கு மேல் படுக்காதீர்கள், நடங்கள். பேல் தூக்குவது வேண்டாம். வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கவரில் போட்டு வாங்காதீர்கள். சர்க்கரைக்காரரின் கிட்னிக்கு அது ஆகாது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் எழுதினால் சில நாள் போடலாம். நரம்பு மாத்திரை என்று எல்லோருக்கும் எழுதும் பிரிகாபலின், கால் வலிக்கு வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2017-லேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது. தலைசுற்றல்தான் மிச்சம். ஏற்கெனவே போடுகிறீர்கள் என்றால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டுக் குறையுங்கள்.

பிசியோதெரபி என்றால் கரண்ட் வைத்து அரை மணி நேரம் படுக்க வைப்பது அல்ல, உடற்பயிற்சி. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும்போது கால் வலி மேலேறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி, தொடரலாம். வலி பாதத்தை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு இல்லை. நெட்டி எடுக்கிறேன் என்று முதுகை முறுக்குபவரிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

இதற்கெல்லாம் காப்பீட்டில் காசு வராது என்பதுதான் எரிச்சல். பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரம் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். லட்ச ரூபாய் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவார்கள், சில நூறு ரூபாய் பிசியோதெரபிக்கு மாட்டார்கள். அப்புறம் ஆபரேஷன் ஏன் பெருகாது?

இரண்டு வாரம் கழித்தும் தூங்க முடியாத வலி இருந்தால், எக்ஸ்ரே திரையில் பார்த்து நரம்பருகே போடும் ஸ்டீராய்டு ஊசியைக் கேட்கலாம். அது டிஸ்க்கைச் சரிசெய்யாது. சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். சில நாள் சர்க்கரை ஏறும். மூன்று ஊசி பேக்கேஜ் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மேலே சொன்ன எதுவும் பொருந்தாத ஒரு நிலை உண்டு. சிறுநீர் முட்டியும் வராமல் இருப்பது, அல்லது தெரியாமலே கசிவது. மலம் கட்டுப்படாமல் போவது. பிறப்புறுப்பு, ஆசனவாய், தொடையின் உள்பக்கம் மரத்துப்போவது. கழுவும்போது கை படுவதே தெரியாது. இரண்டு கால்களும் பலமிழப்பது. இதில் ஒன்று வந்தாலும் அன்றே, இரவானாலும், தண்டுவட ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சர்க்கரையால் இருக்கும், மாத்திரைச் சூட்டால் இருக்கும், யூரின் இன்ஃபெக்‌ஷனாக இருக்கும் என்று நீங்களாக முடிவுகட்டி விடியும்வரை காத்திருக்காதீர்கள். வலி திடீரென்று குறைந்து மரத்துப்போனால் குணமாகிவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போகலாம். குதிகாலை ஊன்றி நடக்கும்போது முன்பாதம் தூக்க வராவிட்டாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

மீதி 40,000-ஐக் கட்டாதீர்கள். முன்பணத்துக்கு ரசீது இருந்தால் எழுத்தில் கொடுத்துத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். ரசீது தராமல் வாங்கியிருந்தால், ஜிபே செய்த விவரமாவது போனில் இருக்கிறதா பாருங்கள்.