தடைச் செய்தியை விலக்குப் பட்டியலிலிருந்து படியுங்கள்

கேள்வி: குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு வல்லரசு கொள்கைக்காகத் தடையோ அபராத வரியோ விதிப்பதாகச் சொல்லும்போது, அதில் கொள்கை எவ்வளவு, சொந்த லாபம் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேர்முகத் தேர்வில் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: தலைவர்களின் பேச்சை அப்புறம் படிக்கலாம். முதலில் ஆணையின் பின்னிணைப்பைப் புரட்டுங்கள். எந்தப் பொருளுக்கு விலக்கு என்பது அங்கேதான் இருக்கும்.

2025 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா கூடுதலாக 25% வரி போட்டது. ஏற்கெனவே போட்டிருந்த 25 சதவீதத்தோடு சேர்த்து 50%. ஆகஸ்ட் 27 முதல் திருப்பூர் பனியன் இந்தச் சுமையோடுதான் அமெரிக்காவில் இறங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் தயாரான ஐபோனுக்கோ இந்த வரி போடப்படவில்லை. மருந்துகளுக்கும் போடப்படவில்லை. பனியனை வங்கதேசத்திலோ வியட்நாமிலோ வாங்கிக்கொள்ளலாம். ஐபோன் விலை ஏறினால் அமெரிக்க வாடிக்கையாளர் சும்மா இருப்பாரா? ரஷ்யக் கச்சா எண்ணெயை அதிகம் வாங்கும் சீனாவுக்கும் அந்த அபராதம் வரவில்லை. மின்னணுப் பொருட்களுக்குத் தேவையான அரிய மண் தாதுக்களின் பிடி சீனாவிடம் இருப்பதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

யுரேனியத்தின் கதையும் இதுவே. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும், 2022 மார்ச்சில் ரஷ்ய எண்ணெய்க்கு அமெரிக்கா உடனே தடை போட்டது. சொந்த எண்ணெய் ஏராளமாக இருந்ததால் வலி குறைவு. தன் அணு உலைகளுக்கான செறிவூட்டிய யுரேனியத்தில் ஏறக்குறைய கால் பங்கு ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதற்கான தடைச் சட்டம் 2024 மே மாதம்தான் வந்தது, அதுவும் 2027 இறுதிவரை விலக்கு கேட்க வழிவிட்டு. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய வைரத்தை 2024 ஜனவரிவரை தொடவில்லை. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரம் வைர வணிகத்தில் வாழ்வது என்பதை நினைவில் வையுங்கள்.

நம்பகத்தன்மை எப்படிக் கரைகிறது என்பதற்கு ஜெர்மனியைப் படியுங்கள். 2014இல் ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவை எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே, ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குக் கடலடியில் எரிவாயு கொண்டுவரும் நார்ட் ஸ்ட்ரீம் 2 குழாய்க்கு ஒப்பந்தம். போலந்தும் பால்டிக் நாடுகளும் எச்சரித்தபோது, இது வெறும் வணிகத் திட்டம் என்றது பெர்லின். உக்ரைன் படையெடுப்புக்கு இரண்டு நாள் முன்புதான், 2022 பிப்ரவரி 22 அன்று, அதை நிறுத்தி வைத்தது. அதனால்தான் ரஷ்ய எண்ணெய் வேண்டாம் என்று மேற்கு நாடுகள் சொன்னபோது டெல்லி அசரவில்லை. நாங்கள் ஒரு மாதத்தில் வாங்குவது ஐரோப்பா ஒரு பிற்பகலில் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கும் என்று அந்த ஏப்ரலில் ஜெய்சங்கர் வாஷிங்டனிலேயே சொன்னார். பதில் சொல்வது மேற்கு நாடுகளுக்குச் சங்கடம்தான்.

ஆனால் 'எல்லாமே சுயநலம்' என்று அடித்துவிடாதீர்கள், மதிப்பெண் போய்விடும். லிதுவேனியா 2022 ஏப்ரலில் ரஷ்ய எரிவாயுவை அடியோடு நிறுத்தியது. கிளைப்பேடா துறைமுகத்தில் 2014இலேயே காசு செலவழித்து, கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்கும் முனையம் அமைத்திருந்ததால் அது முடிந்தது. கைக்காசு செலவழித்த அந்தச் சின்ன நாட்டின் பேச்சை நான் பெர்லினின் பேச்சைவிட நம்புவேன்.

அடுத்த கேள்வி இந்தியாவைப் பற்றித்தான் வரும். போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. தள்ளுபடி கிடைத்ததும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. மழுப்ப வேண்டாம். மலிவாகக் கிடைத்தது, நம் தேவைக்கு வாங்கினோம் என்று நேராகச் சொல்லுங்கள். அரசும் அப்படித்தான் சொன்னது.