குட்டிகள் இருக்கட்டும், மண்ணை அவர் அள்ளட்டும்

கேள்வி: எனக்கு ஐந்தாவது மாதம். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டது. பத்து நாளாகத் தாயைக் காணோம். குட்டிகளுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்; அதில் ஒன்று கருப்பு, ஆரஞ்சு, வெள்ளை என்று மூன்று நிறம். நான்தான் சோறு வைக்கிறேன். டாக்டரம்மா, "பூனை பக்கமே போகாதே" என்கிறார். பூனை முடி வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு ஆகாது, சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வா என்கிறார் மாமியார். மூன்று நாளுக்கு முன் ஒரு குட்டி கையில் கீறி லேசாக ரத்தம் வந்தது, மஞ்சள் வைத்தேன். என்ன செய்யட்டும்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: கீறல் என்று படித்ததுமே உங்களுக்கு போன் செய்துவிட்டேன். இதழ் வரும்வரை காத்திருக்கிற விஷயமா அது? மற்றவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். வெறிநாய்க்கடி நோய் பூனையாலும் வரும். பல்லோ நகமோ பட்டால் குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி, காசு கிடையாது. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் உண்டு, சொல்லிக் கேளுங்கள். மாசமாக இருப்பவர்களும் போட்டுக்கொள்ளலாம். நாள் தள்ளிப்போனாலும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, டாக்டரம்மா பயப்படுவது வேறு ஒன்றுக்கு. டாக்ஸோபிளாஸ்மா என்றொரு ஒட்டுண்ணி. தாய்ப்பூனை எலியைப் பிடித்து வந்து குட்டிகளுக்குத் தின்னப் பழக்குமே, பெரும்பாலும் அப்படித்தான் குட்டிக்கு அது தொற்றும். பிறகு ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை மலத்தில் வெளியேறும். மாசமாக இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு முதல் முறையாகத் தொற்றினால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். ஆகவே பயம் நியாயம்தான். ஆனால் அது முடியிலோ மூச்சிலோ இல்லை. மலத்தில் இருக்கிறது, அதுவும் ஒரு நாளாவது கிடந்த பிறகுதான் தொற்றும். தினமும் தவறாமல் அள்ளிவிட்டால் அந்த ஒரு நாளே அதற்குக் கிடைக்காது. அள்ளுவது நீங்கள் அல்ல, உங்கள் வீட்டுக்காரர். பழைய பிளாஸ்டிக் பேசினில் மணலைப் போட்டு வையுங்கள். காலியாக்கும்போது கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடருக்கு இது சாகாது.

பினாயில் வேண்டவே வேண்டாம். என் மூத்தவளைச் சுமந்தபோது காட்பாடியில் இருந்தோம். சுத்தமாக இருக்கட்டும் என்று கருப்பு பினாயில் கலந்து திண்ணையைக் கழுவினேன். ஈரத்தில் நடந்த குட்டி ஓரமாக உட்கார்ந்து பாதத்தை நக்கியது. மத்தியானத்துக்குள் வாயில் எச்சில் வழிய, உடம்பு நடுங்கிக்கொண்டு கிடந்தது. பிழைக்கவில்லை. கால்நடை மருத்துவம் படித்த என் கையால் நடந்தது இது.

பூனையைக் குறை சொல்கிறோம், அடுப்பங்கரையைப் பார்ப்பதில்லை. ரத்தம் ஊறும் என்று ஆட்டின் சுவரொட்டியை (மண்ணீரலை) அனலில் ஒரு திருப்புத் திருப்பி, உள்ளே சிவப்பு மாறாமலே மாசக்காரிக்குக் கொடுக்கிறார்களே, அந்த ஒட்டுண்ணி ஆட்டுக்கறியிலும் இருக்கும். உள்ளே வரை வெந்தால் பயமில்லை. (ஆம்பூர் பிரியாணி நன்றாக வெந்ததுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள்.) அப்புறம் மண். வாசலில் வீடு கட்டக் கொட்டிய மணல் குவியல்தான் தெருப் பூனைகளுக்கெல்லாம் கழிப்பிடம். அதில் கை வைக்காதீர்கள். கீரையை நாலு தண்ணீரில் அலசுங்கள். சிலருக்கு இந்த மாதங்களில் மண் வாசனை வந்தால் ஒரு சிட்டிகை வாயில் போடத் தோன்றும். உங்களுக்கும் தோன்றினால் வெட்கப்படாமல் டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள். டாக்ஸோவுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்றும் கேளுங்கள். முன்பே தொற்றி அடங்கியிருந்தால் அதிலேயே தெரியும், பாதிக் கவலை போய்விடும்.

குட்டிகளுக்குப் பசும்பால் வைக்காதீர்கள், வயிற்றால் போகும். முள் எடுத்த வேக வைத்த மீனைச் சோற்றோடு பிசைந்து வையுங்கள். கறிக்கடையில் கிடைக்கும் பச்சைக் கோழிக்குடல் கூடாது. குடல் பூச்சிக்கு மருந்தும், மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசியும் உங்கள் ஊர் கால்நடை மருத்துவமனையில் போடலாம். உடம்பில் வட்டமாக முடி கொட்டியிருந்தால் அது படர்தாமரை, நமக்கும் ஒட்டும். அதையும் அங்கே காட்டுங்கள். தொட்டால் கை கழுவுங்கள், அவ்வளவுதான்.

மாமியாரிடம் முடியைப் பற்றி வாதாட வேண்டாம். இந்த வயதுக் குட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ராத்திரி கூடத் தாங்காது என்று மட்டும் சொல்லுங்கள். அந்த மூன்று நிறக் குட்டி அநேகமாகப் பெண்தான். ஐந்து மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற சமயத்தில் பரணில் மறுபடியும் சத்தம் கேட்கும்.