ஆழ்மூளைத் தூண்டல்: யாருக்கு உதவும்?

கேள்வி: தந்தைக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் நன்றாக நடக்கிறார். பிறகு கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. அறுவை சிகிச்சை உதவுமா?

பதில்: ஆழ்மூளைத் தூண்டல் என்ற அறுவை சிகிச்சை உதவ வாய்ப்புண்டு. மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனையை வைத்து, தோலுக்கடியில் பதிக்கும் பேட்டரிக் கருவியால் அதில் மின்சாரம் பாய்ச்சும் முறை இது. மாத்திரை போட்டால் நடக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா வேலை செய்யும்போது ஒருவர் இருக்கும் நல்ல நிலையைப் பகலின் பெரும்பகுதிக்கு நீட்டித்துத் தருவதே இச்சிகிச்சையின் பயன். எனவே முதல்நாள் இரவோடு மருந்தை நிறுத்தி, காலையில் வெறும் வயிற்றில் வரச் சொல்வோம். நாற்காலியிலிருந்து எழவும், கட்டைவிரலில் ஆள்காட்டி விரலைத் தட்டவும், நடக்கவும் சொல்லி மதிப்பெண் குறித்துக்கொண்டு, மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து அவற்றையே மீண்டும் செய்யச் சொல்வோம். குறைந்தது 30 சதவீத முன்னேற்றம் தெரிந்தால்தான் பெரும்பாலும் அடுத்த கட்டம். நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கமும் மின்தூண்டலுக்கு அடங்குவதுண்டு.

கேள்வி: அம்மாவுக்குப் பேச்சு குழறுகிறது, மாத்திரை போட்டும் அடிக்கடி விழுகிறார், மறதியும் அதிகம். செய்யலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. மாத்திரையின் உச்சத்திலும் மாறாத தள்ளாட்டத்தைக் கருவியும் மாற்றாது. பேச்சும் நினைவாற்றலும் மேலும் பாதிக்கப்படலாம்.

கேள்வி: விழித்திருக்கும்போதே மூளையில் அறுவை சிகிச்சை செய்வது ஏன்?

பதில்: மூளைத் திசுவுக்கு வலி தெரியாது, துளையிடும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வோம். அசைவுகளைக் கட்டுப்படுத்த உதவும், அவரைக்கொட்டையினும் சிறிய சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற மூளைப் பகுதியில் மின்முனையை இறக்கி மின்சாரம் பாய்ச்சியதும், அதுவரை மரக்கட்டையாக விறைத்திருந்த மணிக்கட்டு நம் கைப்பிடியிலேயே இளகுவதை உணரலாம்; மின்முனை சரியான இடத்தில் இருப்பது அப்போதே தெரிந்துவிடும். இம்முறையே இப்படிப் பிறந்ததுதான்: 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் நரம்பியல் அறுவை மருத்துவர் அலிம் லூயி பெனபிட், நடுக்கத்தை நிறுத்துவதற்காக மூளையின் ஆழத்திலுள்ள தாலமஸில் ஒரு பகுதியைச் சுட்டழிக்கும் முன் இடத்தைச் சோதிக்க மின்சாரம் பாய்ச்சியபோது, அதிக அதிர்வெண்ணில் நடுக்கம் நின்றதைக் கவனித்தார். இப்போது பல இடங்களில் முழு மயக்கத்திலும் செய்கிறார்கள். மூளையில் இரத்தக்கசிவு, கிருமித்தொற்று ஆகிய ஆபத்துகள் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை.

கேள்வி: கருவி வைத்தபின் மாத்திரையை நிறுத்திவிடலாமா? பேட்டரி எத்தனை ஆண்டு வரும்?

பதில்: அளவு குறையலாம், முழுமையாக நிற்பது அரிது. காரையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கும் பேட்டரி, சாதாரண வகையானால் ஏறத்தாழ 3 முதல் 5 ஆண்டுகளும், சார்ஜ் செய்யும் வகையானால் 15 ஆண்டுகள் வரையிலும் உழைக்கும். எம்ஆர்ஐ எடுக்குமுன் கருவியின் அட்டையைக் காட்டுங்கள். தோள்வலிக்குப் பிசியோதெரபி செல்லும்போதும் கருவி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அங்கே தரப்படும் டயாதெர்மி (அலைகளைச் செலுத்தி உடலுக்குள் வெப்பமூட்டும் சிகிச்சை) மின்முனையைச் சூடாக்கி மூளைத் திசுவையே கருக்கிவிடும் என்பதால், அதை உடலின் எந்தப் பகுதியிலும் வைத்துக்கொள்ளவே கூடாது.