எஸிட்டலோப்ராமை நிறுத்தியதும் தலைக்குள் ஷாக் அடிக்கிறதா?

விட்ட நாட்களுக்கு ஈடாக இரண்டு மாத்திரை போடாதீர்கள். மனம் தேறிவிட்டது என்று, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸிட்டலோப்ராம் 10 மி.கி.யை நீங்களாகவே நிறுத்திய பிறகுதான் தலைசுற்றலும், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் இது திடீரென நிறுத்தியதன் விளைவு. நீங்கள் பயப்படுவது போல மாத்திரைக்கு அடிமையாகிவிட்டதாக அர்த்தமில்லை. இப்படி ஆகக்கூடாது என்றுதான் டாக்டர்கள் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள்.

காலி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். எஸிட்டலோப்ராமோடு, பதற்றத்தைத் தணிக்கும் இன்னொரு மருந்தான குளோனாசிபாம் என்றும் அச்சாகியிருக்கிறதா? இரண்டும் சேர்ந்த மாத்திரை நம் ஊர் மெடிக்கல்களில் சர்வசாதாரணம். இருந்தால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவே வேண்டாம். தொடர்ந்து எடுத்த குளோனாசிபாமைச் சட்டென விட்டால் வலிப்புகூட வரலாம்.

எதுவானாலும், மறுபடி எந்த அளவில் தொடங்குவது என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இன்றே கேளுங்கள். அவர் கிடைக்காவிட்டால் நீங்கள் இருக்கும் குடியாத்தத்திலிருந்து வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அந்த அட்டையோடு போங்கள். வலிக்கு டிராமடால், ஐபுப்ரோஃபென் ஏதாவது போடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், எஸிட்டலோப்ராமோடு ஒத்துப்போகாது.

அப்புறம், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ். நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.