கடையில் நிற்கும் மனைவிக்கும் களஞ்சியத்தில் நிற்கும் கணவருக்கும்

அன்புத் தங்கச்சி,

லண்டனுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன என்றும், நீங்கள் காசாளராக நிற்கும் அதே நிறுவனத்தின் களஞ்சியசாலையில் வேலை செய்யும் உங்கள் கணவருக்கு மணிக்கு ஒன்றரைப் பவுண் கூடக் கிடைக்கிறது என்றும், ஆணும் பெண்ணும் சமம் என்று சொல்லும் நாட்டில் இது எப்படிச் சரியாகும் என்றும் கேட்டிருந்தீர்கள். இருபத்தேழு ஆண்டுகள் கடையிலும் பின்னர் முதியோர் பராமரிப்பிலும் உழைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அதைச் சரியென்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

சம ஊதியச் சட்டம் இங்கே 1970இல் இயற்றப்பட்டு 1975இன் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. இன்று அது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்பதோடு அது நின்றுவிடவில்லை. வேலைகள் வேறாக இருந்தாலும், அவை கேட்கும் உழைப்பும் திறமையும் பொறுப்பும் சம மதிப்புடையவை என்றால் சம்பளமும் சமமாக இருக்க வேண்டும். அஸ்டா கடைகளில் வேலை செய்யும் பெண்கள், வேறோர் இடத்தில் உள்ள விநியோகக் களஞ்சியங்களின் ஆண்களோடு தங்களை ஒப்பிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. 2024 ஆகஸ்டில் நெக்ஸ்ட் ஆடை நிறுவனத்தின் கடை ஊழியர்கள் 3,500க்கும் மேற்பட்டோர் தொழில் தீர்ப்பாயத்தில் வென்றார்கள்; களஞ்சிய வேலைக்குச் சந்தையில் கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற நிறுவனத்தின் வாதம் அங்கே எடுபடவில்லை. அந்த வழக்குக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உங்கள் கேள்விக்கு அப்பால், பெண்களின் சம்பளம் குறைவதற்குப் பகுதிநேர வேலை என்ற இன்னொரு காரணமும் உண்டு, அது என்னை நேரடியாகத் தாக்கியது. 2024 ஏப்ரல் கணக்கின்படி, இந்நாட்டில் முழுநேர ஊழியர்களிடையே ஆண், பெண் மணிச்சம்பள வித்தியாசம் 7 வீதம். பகுதிநேரத்தாரையும் சேர்த்தால் 13 வீதம். பிள்ளை சிறியவளாக இருந்தபோது நான் மாலை ஐந்து முதல் ஒன்பது வரை மட்டுமே நின்றேன். மேற்பார்வையாளர் பதவிகளோ எல்லாம் முழுநேரமாகவே வந்தன. எனக்குப் பிறகு வந்த ஆண்கள் மேலே போவதைப் பார்த்துக்கொண்டு அதே இடத்திலேயே ஆறு ஆண்டுகள் இருந்தேன். பராமரிப்பு வேலைக்கு மாறியபோது, முதியவர்களின் வீட்டுக்குள் இருந்த நிமிடங்களுக்கு மட்டும் சம்பளம் தந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பேருந்தில் போகும் நேரமும் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் வேலை நேரம்தான் என்பதை, இரண்டு ஆண்டுகள் கழித்து உடன் வேலை செய்த கானா நாட்டுப் பெண் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். அன்றிலிருந்து பேருந்து ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் கொப்பியில் எழுதினேன். அந்தக் கொப்பியைக் காட்டித்தான் நிலுவையை வாங்கினேன். அந்த வேலையில் பெரும்பாலும் பெண்களே இருந்தோம் என்பதால்தான் அத்தனை காலம் யாரும் கேட்கவில்லை என்று இன்றும் நம்புகிறேன்.

சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், பாகுபாடு இருக்கிறதா என்று அறிவதற்காக உடன் வேலை செய்வோரிடம் கேட்பதை அந்த வரியால் தடுக்க முடியாது. 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆண், பெண் ஊதிய வித்தியாசத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அரசு இணையத்தளத்தில் உங்கள் நிறுவனத்தைத் தேடிப் பாருங்கள். வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) அமைப்பின் தொலைபேசி ஆலோசனை இலவசம். வேலையை விட்டால், தீர்ப்பாயத்துக்குப் போக ஆறு மாதமே அவகாசம் என்பதால் சம்பளச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள்.

எல்லா வித்தியாசமும் சட்டவிரோதம் ஆகிவிடாது. இரவு வேலைக்கான மேலதிகக் கொடுப்பனவு அந்த ஒன்றரைப் பவுணில் கலந்திருக்கக்கூடும். ஆகவே முதலில் உங்கள் இருவரின் சீட்டுகளிலும் அடிப்படை மணிச்சம்பளம் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள்.